நாற்பத்தொன்றேகால் அங்குலம்

காட்பாடி ரோட்டில்
பிளைவுட் கடை மாடியில் என் மேசை.
கீழே ரம்பம் ஓடும்போதெல்லாம்
திரையில் இருக்கிற சமையலறை லேசாக நடுங்கும்.

இந்த மென்பொருளுக்கு ஆப்பிள் தெரியும்.
யார் வீட்டை வரைந்தாலும்
கிண்ணத்தில் ஐந்து பச்சை ஆப்பிளை
அதுவாகவே வைத்துவிடும்.
கேஸ் சிலிண்டர் தெரியாது.
தீயணைப்புக் குழாய் ஒன்று அதன் கிடங்கில் கிடந்தது, சிவப்பாய்.
மூக்கை வெட்டி இடுப்பைப் பெருக்கி
சிலிண்டர் ஆக்கினேன்.
கிரைண்டர், ஒரு பூந்தொட்டி.
அரிசி டிரம் எதிலிருந்து வந்தது என்று
வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை.

ஊர் எங்கே என்று கேட்கும்.
வேலூரின் அட்சரேகையைக் கொடுத்தால்
மே மாதத்து மூன்று மணி வெயிலை
ஜன்னல் வழியே சரியாக விழவைக்கும்.
சுடாது, அவ்வளவுதான்.

குடியாத்தத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள்.
லுங்கிக் கடை ஜலகண்டேசன், தம்பி ஏகாம்பரம்,
அவரவர் மனைவி.
வீடு இரண்டாகிறது. சமையலறையும்.
"நடுவுல ஒரு செவுரு போட்ருங்க சார்."

போட்டேன்.
இங்கே ஒரு கிளிக், அங்கே ஒரு கிளிக்.
செங்கல் இல்லை, சித்தாள் இல்லை,
பெரியவர்கள் உட்கார்ந்து பேசவும் இல்லை.
ஏகாம்பரம் மட்டும் அப்போது
செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

மூத்தவள் கோமளவல்லிக்கு எல்லாம் முடிவாகியிருந்தது.
அடுப்பு பழைய இடத்திலேயே, இடது சுவரோரம்.
தட்டுக்கு ஸ்டீல் கூடை.
எண்ணெய்ப் பாட்டிலுக்கு ஒல்லியாக ஓர் இழுப்பறை.
மேலே லாஃப்ட். அதற்குப் பூட்டு.
பூட்டு என்றபோது குரல் கொஞ்சம் இறங்கியது.

இளையவளைக் கேட்டேன்.
"அக்காவுக்கு இன்னாவோ அதேதான்," என்றாள் தமயந்தி.
அதே என்றால் எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.
செலக்ட் செய்து மிர்ரர் கொடுத்தேன்.
மடித்த காகிதத்தில் மை ஒற்றியதுபோல
பாதி அறை அந்தப் பக்கம் போய் விழுந்தது.
ஆப்பிள் பத்தாயிற்று.

அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.
அடுப்பின் முன்னால் நிற்பவள்போல நின்று
இடது கையால் காற்றைக் கிளறினாள்.
முழங்கையை நன்றாக வெளியே விட்டு, மறுபடியும்.
"இந்தாண்ட செவுரே இல்ல."
"அது சோத்துக்கைப் பக்கம் போயிடுச்சு மேடம்."
இன்னொரு சுற்று கிளறினாள், மெதுவாக,
அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்பவள்போல.

அளவெடுக்கப் போன அன்று
அடுப்புக்கு இடப்பக்கச் சுவரில்
ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது.
வழுவழுவென்று ஒரு பள்ளம்.
பழைய குழாயோ என்று டேப் வைத்துப் பார்த்தேன்.
தரையிலிருந்து நாற்பத்தொன்றேகால்.
குறிப்பில் எழுதினேன்: ஏதோ இடித்த இடம்.

"பதினோரு வருசமா இடிச்சிக்கினே இருந்தியா?"
கோமளவல்லி கேட்டாள்.
"சொன்னா இன்னாக்கா பண்ணியிருப்பீங்க,
செவுத்தத் தள்ளி வச்சிருப்பீங்களா?"
ஜலகண்டேசன் இருமினார்.
ஏகாம்பரம் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
மனைவியின் கையைப் பார்த்தான்,
அது எந்தக் கை என்று இன்றைக்குத்தான் தெரிந்ததுபோல.

"இப்ப நீங்க அமுக்குனது இன்னா சார்?"
"எம். ஒரே ஒரு எழுத்துதான்."
"இவ்ளோதானா."

முன்பணத்தை எண்ணி மேசையில் வைத்தபின்
கோமளவல்லி, யாரையும் பார்க்காமல்,
"எங்க பக்கம் அந்தச் செவுத்துக்கு
டைல்ஸ் மேல வரைக்கும் ஒட்டிடுங்க.
அந்த எடம் தெரியக் கூடாது," என்றாள்.

ஐந்தடி உயரம் என்று குறித்துக்கொண்டேன்.
சதுர அடி எவ்வளவு ஆகும் என்று
ஜலகண்டேசன் கேட்டார்.